காந்தி என்னும் பெயரின் பொருண்மை: ஒரு விசாரணை

காந்தி என்று எழுதினால் அது போர்பந்தர்க்காரரா, ஒளியா, அடிப்பிடித்த பாலா என்பதைத் தமிழ் எழுத்து சொல்லாது. திருநெல்வேலிக் காந்திமதி அம்மன் பெயரில் இருப்பது வடமொழி ஒளி. 'வயிறு காந்திப் போச்சு' என்பதில் இருப்பது வெறும் வினையெச்சம். குஜராத்திலோ அது மளிகைக்காரரைக் குறித்த குடிப்பெயர். இம்மூன்றையும் ஆய்வெல்லைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டால், எஞ்சுவது 1869 அக்டோபர் 2 அன்று பிறந்தவரின் பெயர். தமிழ்நாட்டில் அப்பெயருக்கு வழங்கும் பொருள்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாகவே மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவை அனைத்துக்கும் வேர்ப்பொருள் ஒன்றே என்பதும், அது 'பிறர் ஏற்கவேண்டிய செலவு' என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தலைமைச் சான்று, காந்தி கணக்கு. டீக்கடையில் குடித்துவிட்டு இப்படிச் சொன்னால் காசு வராது என்று கடைக்காரருக்குத் தெரியும். இத்தொடருக்கு இரண்டு பிறப்புக் கதைகள் உலவுகின்றன. உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்களிடம் வணிகர்கள் காசு வாங்காமல் 'காந்தி கணக்கு' என்று எழுதிக்கொண்டார்கள் என்பது ஒன்று. வ.உ.சி.க்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர் கொடுத்த பணம் காந்தியிடமிருந்து வரத் தாமதமானதால் பிறந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது கதையைத் தள்ளத் தயக்கம் வேண்டியதில்லை. 1915இல் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி. கைக்கு வந்து சேர்ந்தது. வந்துவிட்ட பணத்தை வைத்து வராத பணத்துக்குப் பெயர் சூட்டுவார்களா? போதாக்குறைக்கு, லண்டனில் படிக்கும்போதே பேருந்துக் கட்டணம் வரைக்கும் குறித்துவைத்தவர் காந்தி. எனவே காந்தி கணக்கில் காந்தியும் இல்லை, கணக்கும் இல்லை. இழப்பை ஏற்கும் கடைக்காரர் ஒருவர்தான் இருக்கிறார். முதல் கதையிலும் அவரேதான் இருக்கிறார் என்பதைக் கவனிக்க.

இனி, முரண் உச்சத்தில் நிற்கும் இடம். 1996இல் மகாத்மா காந்தி வரிசை நோட்டுகள் வந்தபின் அந்தச் சிரித்த முகமே பணத்துக்கு மறுபெயர் ஆயிற்று. மேசைக்குக் கீழே காந்தியைக் காட்டினால் கோப்பு நகரும். அதே மேசையில் ஒருவர் கை நீட்ட மறுத்தால், 'இவரு பெரிய காந்தி' என்பார்கள். லஞ்சத்துக்கும் லஞ்சம் வாங்காதவருக்கும் ஒரே பெயர்! அகராதிக்காரர் திகைப்பார், நாம் திகைக்க வேண்டியதில்லை. முன்னதில் செலவு மனு கொடுத்தவருக்கு, பின்னதில் நேர்மையின் செலவு அந்த ஒற்றை ஊழியருக்கு. இரண்டிலும் சொல்பவர் சட்டைப்பையிலிருந்து தம்பிடி போகவில்லை. அக்டோபர் 2 இன்னும் தெளிவு. அன்று மதுவிலக்கைக் கடைப்பிடிப்பது டாஸ்மாக் கடை. குடிப்பவர் முதல் நாள் மாலையே வாங்கி வைத்துவிடுகிறார். எல்லைக் காந்தி என்று கான் அப்துல் கப்பார் கானையும், கறுப்புக் காந்தி என்று காமராஜரையும் அழைத்ததும் இவ்வகையே. அந்தப் பெயருக்கான வாழ்க்கைச் செலவை ஒருவர் ஏற்க முன்வந்தால் அடைமொழி தரத் தயங்காத சமூகம் நம்முடையது.

கோயம்புத்தூர்க்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: காந்திபுரம் என்பது பேருந்து நிலையம், அதில் என்ன செலவு, யார் பிறர்? இந்த மறுப்பு வலுவானது போலத் தெரிந்தாலும், அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் வேறு ஊருக்கு வண்டி மாறவே இறங்குகிறார்கள் என்பதை மறக்கிறது. காந்தி வழியாகப் போவது, காந்தியிலேயே தங்காதது என்ற பண்பு இதனால் உறுதியாகிறதே தவிர உடையவில்லை. எழும்பூர் காந்தி-இர்வின் சாலையோ நமக்கே சாதகம்: 1931இல் ஒப்பந்தம் போட்ட இருவரும் போய்விட்டார்கள், நெரிசல் மட்டும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் பங்குக்கு வந்திருக்கிறது. திருச்சி காந்தி மார்க்கெட் ஒன்றுதான் இடிக்கிறது. அங்கே வெங்காயம் வாங்குகிறவரே காசு கொடுக்கிறார். இதை விதிவிலக்கு என்று ஒதுக்குவதே ஆய்வு மரபு.

ஆகவே அடுத்த பதிப்பில் அகராதிக்காரர்கள் இப்பொருளைச் சேர்க்க வேண்டும். மறுப்பவர்கள் தக்க சான்றுகளோடு தபாலில் எழுதலாம். தபால் செலவு காந்தி கணக்கு.