பல்லுக்குப் பல்: ரோபோ பந்தயத்தில் தோற்கச் சில யோசனைகள்

டெக் ஃபெஸ்ட்டில் ரோபோக்கள் மோதும் போட்டிக்கு இன்னும் பத்து நாள். ரோபோவுக்கு ரிமோட் வந்தாயிற்று, டீம் டி-ஷர்ட் வந்தாயிற்று, பெயரும் சூட்டியாயிற்று. பாக்கி இருப்பது மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வேலை ஒன்றுதான். அதைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளிவையுங்கள். தோல்விக்கு அங்கேதான் கடைக்கால் போட வேண்டும்.

முதலில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். "எத்தனை ஆர்பிஎம் தம்பி?" என்பார் கடைக்காரர். ரோபோ எத்தனை கிலோ, சக்கரம் எவ்வளவு பெரிது என்றெல்லாம் யோசித்து நிற்காதீர்கள். "இருக்கிறதுலயே பெரிய நம்பர் குடுங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். 1000 ஆர்பிஎம் கியர் மோட்டாரில் 10 செ.மீ. சக்கரத்தை மாட்டினால், கணக்குப்படி நொடிக்கு 5 மீட்டருக்கு மேல்; மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர். எட்டடி மேடையை அரை நொடியில் கடந்துவிடும். "டேய், திருப்புடா!" என்று நண்பன் கத்தி முடிப்பதற்குள் அது நடுவரின் காலடியில் கிடக்கும்.

அதாவது, கிளம்பினால். அதே மோட்டார் 300 ஆர்பிஎம் கியரோடு வந்திருந்தால் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர்தான். ஆனால் தள்ளும் பலம் மூன்று மடங்குக்கு மேல். கியர்பாக்ஸ் ஓர் அடகுக்கடை. வேகத்தை வைத்தால் பலத்தைக் கொடுக்கும். உராய்வு என்ற பெயரில் வட்டியும் பிடித்துக்கொள்ளும். வேகம், பலம் இரண்டையும் கையில் கொடுக்கும் கடை இதுவரை திறக்கப்படவில்லை.

கியரை நாமே கோர்ப்போம் என்பவர்களுக்குத் தோற்க இன்னும் நல்ல வாய்ப்பு. 20 பல் கியரையும் 60 பல் கியரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ஒரு 40 பல் கியரை நுழையுங்கள்; பார்க்க இயந்திரம் மாதிரி இருக்கும். அது இல்லாவிட்டாலும் மூன்றுக்கு ஒன்று, இருந்தாலும் மூன்றுக்கு ஒன்று. சுற்றும் திசையை மாற்றுவதைத் தவிர அதற்கு வேலையில்லை. கல்யாண வீட்டில் தோளில் துண்டோடு அலையும் மாமா மாதிரி.

துளை போடும்போது அளவுகோலைத் தொடாதீர்கள். மாட்யூல் 1 பல் என்றால், நடுவே மாமா இல்லாமல் நேராகக் கோர்க்கும் 20-க்கும் 60-க்கும் மையத்திலிருந்து மையத்துக்கு 40 மி.மீ. இருக்க வேண்டும். 39-இல் போட்டால் இறுகி நிற்கும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிப் போட்டால் பல் தாவித் தாவிக் கடகடவென்று சத்தம் போடும். கூட்டம் சத்தத்துக்குக் கை தட்டும். கியரைப் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்தால் இன்னும் விசேஷம். 60 டிகிரி வாக்கில் அது இளகத் தொடங்கும். சூடான மோட்டார் ஷாஃப்ட்டில் இரண்டாவது சுற்றுக்குள் பொக்கைவாய் ஆகிவிடும்.

மோட்டாரை ஓட்ட எல்-298 போர்டு போதும். அது தாங்குவது பக்கத்துக்கு 2 ஆம்பியர். எதிராளியோடு முட்டிச் சக்கரம் நின்றுவிட்டால் ஜான்சன் ரகக் கியர் மோட்டார் அதைத் தாண்டி இழுக்கும். மோட்டார் திணறுவதற்கு முன்பே சக்கரம் தரையில் வழுக்கும்படி கியரைத் தேர்ந்தெடுத்தால் போர்டு பிழைக்கும் என்று சில சீனியர்கள் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் ஜெயித்துத் தொலைப்பீர்கள்.

இதெல்லாம் சரியாக அமைந்துவிட்டதா? பயப்படாதீர்கள், கிரப் ஸ்க்ரூ இருக்கிறது. சக்கரத்தின் ஹப்பை ஷாஃப்ட்டோடு பிடித்துவைக்கும், அரிசி அளவுக்கு ஒரு தலையில்லாத திருகு. ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். திருகின் முனை அங்கேதான் உட்கார வேண்டும். நீங்கள் உருண்ட பக்கத்தில் வைத்து முறுக்குங்கள். மறையில் பூசும் பசையை மறந்துவிடுங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். மேடையில் விசில் ஊதினார்கள். மோட்டார் கொய்ங் என்று பாடியது. ஒரு சக்கரம் சுற்றியது, மற்றது சும்மா இருந்தது. மூன்று மாத உழைப்பு இரண்டு நிமிடம் செக்குமாடாக ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. எதிர் டீம் எங்களைத் தொடவே இல்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ. பக்கத்து டீமிடம் கேட்காதீர்கள். அவர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.