யானத்துக்குப் போவும், பட்டானூருக்குப் போவாது

ஏம்பா பேராண்டி, அந்தப் போனை ஏன் அந்தக் குத்து குத்தற? 'உங்கள் முகவரிக்கு அனுப்ப இயலாது'ன்னு அது சொல்லி அரை மணி நேரம் ஆவுது. 605009ஐ அழிச்சி அழிச்சிப் போட்டா மட்டும் மனசு எறங்கிடுமா? அது இன்னா உன் மாமியாரா?

இப்படி வந்து குந்து. லாரி ஓட்டியே வயசைத் தொலைச்சவன் சொல்றன், கேளு. நீ கேட்டது திண்டிவனத்துக்காரன் செக்குல ஆட்டின கடலை எண்ணெய். அவன் சின்ன ஏவாரி, ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவன். அந்த மாதிரி ஆளு ஆன்லைன்ல சரக்கு விக்கவே கூடாதுன்னுதான் மொதல்ல சட்டம் இருந்துது. 2023 அக்டோபர் 1லேர்ந்து விக்கலாம்னு விட்டாங்க. பான் கார்டைக் காட்டி ஒரு நம்பர் வாங்கிக்கணும். ஆனா சரக்கு சொந்த மாநிலத்தைத் தாண்டக் கூடாது. அவனுக்கு ஓசூர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் உள்ளூரு. புதுச்சேரில இருக்கற உன் வூடு வெளிநாடு.

சிரிக்காத, உன் பொண்டாட்டி கதை இன்னும் பெருசு. எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு ஆன்லைன்ல விக்கறன்னு பாட்டிலெல்லாம் வாங்கி அடுக்கி வெச்சிருக்குதே, எங்க விக்கப் போவுது? நம்ம மேட்டுப்பாளையத்தை வுட்டு கோரிமேட்டைத் தாண்டினா பட்டானூரு, விழுப்புரம் ஜில்லா. அங்க ஒரு பாட்டில் அனுப்பினா வெளிமாநில ஏவாரம், கூடாது. கோட்டகுப்பத்துல உன் சின்ன அத்தை நாக்கைச் சப்புக் கொட்டிக்கினு உக்காந்திருந்தாலும் கூடாது. ஆனா யானமும் மாஹேவும் நம்ம புதுச்சேரியோட சேந்தது, அதனால யானத்துக்கு அனுப்பலாம், ராசா! 800 கிலோமீட்டருக்கு மேல. நெல்லூரு தாண்டி, விஜயவாடா தாண்டி, கோதாவரிக் கரைல போய் எறங்கற வரைக்கும் அது உள்ளூர் ஏவாரம். மாஹேவுக்கும் அனுப்பலாம். சேலம், கோயம்புத்தூரு, பாலக்காடுன்னு போய் கேரளாக்காரன் நடுவுல எறக்கிட்டு வரணும். அந்த ரெண்டு ரோட்டுலயும் நான் ஸ்டியரிங் புடிச்சிருக்கறன். ஊறுகா பாட்டில் அங்க ஒடையாமப் போனாலே சாமி புண்ணியம்.

சரி, போனாலும் யாரு வாங்கறது? யானத்துக்காரன் ஆவக்காயில பொறந்து ஆவக்காயில வளர்ந்தவன். உன் பொண்டாட்டி எலுமிச்சையை மோந்துகூடப் பாக்க மாட்டான். அதனால என் ரோசனை, உடனே தெலுங்கு கத்துக்க. அடுத்த சம்பந்தம் யானத்துலயே பண்ணிடலாம்.

இந்தக் கோடெல்லாம் டில்லிக்காரன் போட்டதுன்னு நெனைக்காத. 1954 நவம்பர் 1 வரைக்கும் இங்க ஆண்டானே பிரெஞ்சுக்காரன், அவன் வுட்டுட்டுப் போன கோடு. கிழிஞ்ச வேட்டில ஒட்டுப் போட்டாப்பல அங்கங்க ஒரு துண்டு வெச்சிருந்தான். 1941ல வெள்ளைக்காரனும் அவனும் சுங்க வரிக்கு ஒப்பந்தம் போட்டாங்க. 1949ல அது முறிஞ்சி, ஊருக்கு ஊரு சாவடி. எங்கப்பா காலத்துல மூட்டையை அவுத்துக் காட்டிட்டுத்தான் பக்கத்து ஊருக்குப் போவணும். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததும் வரி செக்போஸ்டை ரோட்டுலேர்ந்து எடுத்தாங்க. இப்ப அது உன் போனுக்குள்ள குந்திக்கினு இருக்குது. டீக்காசு குடுத்தாக்கூட வழி வுடாத சாவடிப்பா அது.

தபால்காரன் மட்டும் கெட்டிக்காரன். 1972ல பின்கோடு வந்துது. மாஹேவைக் கேரளா நம்பரோடயும், யானத்தை ஆந்திரா நம்பரோடயும் சேத்துட்டான். நம்ம 605லயே விழுப்புரமும் இருக்குது. கடுதாசிக்கு எது பக்கமோ அதோட கோத்தான். வரிக்காரனுக்கு அந்தக் கணக்கு வராது.

இதுல நாம மட்டும் தனியா மாட்டிக்கலை, மனசை ஆத்திக்க. உன் சேக்காளி, அந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வூட்டுப் புள்ள, பாரீசுல இருக்கறானே, அவனும் இந்த அவஸ்தைதான் பட்டான். நீ எந்த நாட்டுக்காரன்னு பாத்து ஆன்லைன் கடை கதவைச் சாத்தக் கூடாதுன்னு ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டு, 2018 டிசம்பர் 3லேர்ந்து நடக்குது. அதுலயும் சூட்சுமம் வெச்சிருக்கறான் பாரு. பிரான்சுக்காரனுக்கு ஜெர்மன் கடை வித்துத்தான் ஆவணும், ஆனா வூட்டுக்குக் கொண்டாந்து குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. அவன் எல்லை தாண்டிப் போய் கையில வாங்கிக்கணும்.

நமக்கும் அதே வழி இருக்குது. பட்டானூர்க்காரன் சைக்கிளை மிதிச்சி நம்ம வாசலுக்கு வந்து, காசைக் குடுத்து பாட்டிலை எடுத்துக்கினு போனா ஒரு குத்தமும் இல்ல. நம்ம பையன் அதே சைக்கிள்ல கொண்டுபோய் அவன் வூட்டுல குடுத்தாத்தான் வில்லங்கம்.

ஜிஎஸ்டி நம்பர் வாங்கிட்டா நாடு பூரா விக்கலாம், பதிவுக்குப் பீசும் கெடையாது. அப்பறம் கணக்கு எழுதறவருக்கு அழுவணும். பத்து பாட்டில் விக்கறதுக்கு அது கட்டுமான்னு உன் பொண்டாட்டியே கணக்குப் போடட்டும், அது உன்னைவிட வெவரம்.

கேக்க வேண்டிய எடம் ஒண்ணு இருக்குது. சரக்கு விக்கறவன் தமிழ்நாட்டுல வருசத்துக்கு 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு இல்லாம ஓட்டலாம். புதுச்சேரில 20 லட்சம்தான். 2019ல நாடு பூரா 40 ஆக்கினப்ப, 20ஏ போதும்னு ஒதுங்கின சில மாநிலத்துல நம்மளுதும் ஒண்ணு. போனைத் திட்டி இன்னா பிரயோசனம்? ஓட்டு கேட்டு வாசலுக்கு வர்றவனை நிக்க வெச்சி, 'பட்டானூரானுக்கு 40, எனக்கு ஏன் 20?'ன்னு கேளு. அவன் பதிலைத் தேடிக்கினு வர்ற வரைக்கும் ஊறுகாயை ஞாயித்துக்கெழமை காந்தி வீதி சந்தையில வெச்சி வித்துடு. அங்க தமிழ்நாட்டுக்காரனும் வருவான்.