ஒயர் உரித்தலின் பத்துக் குற்றங்கள்: மல்லாங்கிணற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

தமிழில் கோழி வளர்ப்புக்கு நூல் உண்டு, குருப்பெயர்ச்சிக்கு நூல் உண்டு, மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் நூல் உண்டு. பழைய ஒயரின் தடித்த தோலை, உள்ளிருக்கும் செப்பு இழை ஒன்றுகூட அறுபடாமல் உரிப்பதற்கு மட்டும் இலக்கணம் செய்தார் எவருமிலர். எஸ். ராமகிருஷ்ணனும் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த மல்லாங்கிணற்றிலேயே இதுதான் நிலைமை என்றால் மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அக்குறை இன்றோடு தீர்கிறது.

ஆய்வுக்களம்

விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டம். வானம் பார்த்த பூமி. வெட்டுக் கிணறு வற்றிய இடங்களில் போர் போட்டு, நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கியிருப்பார்கள். மோட்டாரிலிருந்து வரும் குட்டை ஒயரையும் மேலே ஸ்டார்ட்டருக்குப் போகும் தட்டைக் கேபிளையும் சேர்க்கும் ஜாயிண்ட்டும் கூடவே உள்ளே போய்விடும். வீட்டு ஃபேனின் ஜாயிண்ட் கெட்டால் ஒரு ஸ்டூல் போதும். இது கெட்டால் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம். மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி இன்றுவரை இலவசமாகவில்லை. ஆகவே ஒயர் உரித்தல் இங்கே கைவேலை மட்டுமல்ல, பொருளாதாரமும்கூட.

தரவுகள்

1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குள் பொதுவாக 0.3 மில்லிமீட்டர் தடிமனில் 22 இழைகள் இருக்கும். 2.5 ஒயரில் 36, 4 ஒயரில் 56. மூத்த எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் 3/20, 7/20 என்றே கணக்குச் சொல்வார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது கேஜ். 22இல் மூன்று இழை போனால் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நட்டம். 3/20இல் ஒன்று போனாலே மூன்றில் ஒரு பங்கு காலி.

இதற்கு எதிராகக் களத்தில் ஒரு கோட்பாடு நிலவுகிறது: “ரெண்டு கம்பி போனா என்னண்ணே, கரண்டு மத்த கம்பில போயிக்கிரும்.” போகும் என்பது உண்மையே, ஆபத்தும் அதுவே. அன்றைக்கு மோட்டார் ஓடும், தண்ணீர் கொட்டும், கூலி கைமாறும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் அந்த மெலிந்த கழுத்து வழியாகத்தான் பாய்ந்தாக வேண்டும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாகும்.

நால்வகைப் பள்ளிகள்

பல் பள்ளி தொன்மையானது. பங்குனிப் பொங்கலுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்களிடம் செழித்து விளங்குவது. ஒரு கை மரக்கிளையில், மறு கை குழாய் ஸ்பீக்கரில் இருக்கும்போது மனிதனுக்கு மிஞ்சுவது வாய்தான். பி.வி.சி. தோல் சூடு தாங்குவதற்காக அதில் நெடுங்காலம் ஈயச் சேர்மங்களைக் கலந்துவந்தார்கள் என்பதை இப்பள்ளியினர் கருத்தில் கொள்வதில்லை.

தீப்பள்ளி தீக்குச்சியை நம்புவது. தோல் உருகும், கூடவே ஹைட்ரஜன் குளோரைடு புகை மூக்கில் ஏறும். கரி படிந்த செம்பில் ஈயப்பற்று ஒட்டாது.

கட்டிங் பிளேயர் பள்ளி அமுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று இழுப்பது. தோல் வந்துவிடும். தோலுக்குத் துணையாக இழைகளும் வந்துவிடும்.

பிளேடுப் பள்ளி நுட்பமானது. இதன் மாணவர்களை இடது கட்டைவிரல் தழும்பால் அடையாளம் காணலாம்.

பத்துக் குற்றங்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அவர் காலத்தில் ஒயர் இல்லை. இருந்தும் பட்டியல் அப்படியே பொருந்துகிறது.

குன்றக் கூறல்: தோலைக் குறைவாகச் சீவுவது. திருகாணி செம்பை விட்டுத் தோலைக் கவ்வி நிற்கும்.

மிகைபடக் கூறல்: தேவைக்கு மேல் சீவுவது. டெர்மினலுக்கு வெளியே செம்பு பல்லிளிக்கும், தொட்டவருக்கு ஷாக்.

கூறியது கூறல்: அறுந்ததால் மறுபடி உரிப்பது. மோட்டாரின் குட்டை ஒயர் அதிகம் தாங்காது.

மாறுகொளக் கூறல்: பேஸ் மாற்றிக் கட்டுவது. மோட்டார் தலைகீழாகச் சுற்றும். தண்ணீர் வரும், ஆனால் வர வேண்டிய அளவு வராது.

வழூஉச்சொல் புணர்த்தல்: செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்குவது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும்.

மயங்க வைத்தல்: எர்த்துக்குரிய பச்சை ஒயரில் பேஸ் கொடுப்பது. அடுத்து வருகிறவர் மயங்குவதோடு நிற்பதில்லை.

வெற்றெனத் தொடுத்தல்: பற்று வைக்காமல் லேசாக முறுக்கிவிட்டு டேப் சுற்றுவது.

மற்றொன்று விரித்தல்: தட்டைக் கேபிளின் மேல்தோலைக் கீறும்போது உள்ளே இருக்கும் ஒயரின் தோலையும் கீறிவிடுவது.

சென்று தேய்ந்து இறுதல்: இதுவே இவ்வாய்வின் மையம். பிளேடு பட்ட இழை அன்றைக்கு அறுவதில்லை. கீறலோடு நின்று, வளையும்போதும் அதிரும்போதும் ஒவ்வொன்றாக அறுகிறது.

நின்று பயனின்மை: ஃபேன் காயில் கம்பியின் எனாமலை உப்புத்தாளால் தேய்க்காமல் முறுக்குவது. எனாமல் செம்பு நிறத்திலேயே இருப்பதால் கண் ஏமாறும். ஜாயிண்ட் கம்பீரமாக நிற்கும், கரண்டு போகாது.

பத்துக்கும் பொதுவான ஒரு காப்பாளர் உண்டு. அவர் பெயர் கறுப்பு டேப். சுற்றி முடித்த பின் நல்ல ஜாயிண்ட்டும் கெட்ட ஜாயிண்ட்டும் ஒரே தோற்றம்.

நெறி

முதலில் மெயினை அணைத்து ஃபியூசைக் கையோடு எடுத்துவர வேண்டும். பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி வட்டமாக அறுப்பதே இழைகளின் முதல் எதிரி. பென்சில் சீவுவதுபோலச் சாய்த்துச் சீவினால் பிளேடு செம்பின்மேல் வழுக்கிப் போகும், உள்ளே இறங்காது. ஸ்ட்ரிப்பர் இருந்தால் ஒயர் அளவுக்குரிய பள்ளத்தில் வைக்க வேண்டும். ஒரு அளவு சின்னதில் வைத்தால் அதுவும் கட்டிங் பிளேயரே.

பி.வி.சி.யை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் வெளியேறுவதால்தான் பழைய தோல் விறைக்கிறது. சூடு பட்டால் சற்று இளகும். மல்லாங்கிணற்றில் வெயிலுக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் வெளியே கிடத்தினால் போதும். பிறகு தோலின் தடிமனில் பாதிக்குச் சற்று மேல் கீறி, அந்த இடத்தில் ஒயரை வளைத்தால் மிச்சம் தானாகப் பிளக்கும். பிளேடு செம்பைத் தொடவே வேண்டாம்.

உரித்ததும் இழைகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரிப்பதே முறை. கூறியது கூறல் இங்கே மட்டும் குற்றமன்று, பவணந்தியார் பொறுப்பாராக. கேபிளின் மூன்று ஒயர்களுக்கான ஜாயிண்ட்டையும் ஒரே இடத்தில் போடாமல் ஏற்ற இறக்கமாகப் போட்டு, பற்று வைத்து, ரப்பர் டேப்பும் அதன்மேல் பி.வி.சி. டேப்பும் சுற்ற வேண்டும்.

முடிவு

ஒயர் உரிப்பில் நடக்கும் பிழையைச் செய்தவர் மட்டுமே பார்க்கிறார்; செலவையோ அதைப் பார்க்காதவர் ஏற்கிறார். எனவே அடுத்த முறை மோட்டார் இறக்க ஆள் வரும்போது மோர் கொடுத்து உபசரியுங்கள். அவர் டேப் சுற்றுவதற்கு முன் பக்கத்தில் குனிந்து, “அண்ணாச்சி, கம்பி எல்லாம் இருக்கா, ஒருக்கா எண்ணிருவமா?” என்று கேளுங்கள். அவர் முறைத்தாலும் எண்ணாமல் இறக்க விடாதீர்கள்.