ஓவர்லாக் வம்சம்

(திருமுருகன்பூண்டி, அவிநாசி ரோட்டோரச் சிற்பக்கூடம். பாதி முகம் வெளிவந்த நந்திக்கு முன்னால் சிற்பி. இமையெல்லாம் கல்தூசி. பனியன் கம்பெனி முதலாளி காரை விட்டு இறங்குகிறார்.)

முதலாளி: ஏனுங்க சிற்பி, வாசல்ல வெக்க ஒரு சின்னம் செதுக்கோணும். நாலடிக் கேடயம், நடுவுல லில்லிப் பூ.

சிற்பி: எந்தச் சாமிக்குங்க?

முதலாளி: சாமிக்கில்லீங்க, நம்ம வம்சத்துக்கு. ஜெர்மனி போனப்ப ஆக்ஸ்பர்க்ல பாத்தனுங்க. ஃபுக்கர்னு ஒரு பிரபுக் குடும்பம். 1367ல ஹான்ஸ்னு ஒரு நெசவாளி கிராமத்துல இருந்து டவுனுக்குப் பொழைக்க வந்தவரு. பேரன் யாக்கோப் 1514ல பிரபு ஆயிட்டாரு! எங்கப்பாருந்தான் சென்னிமலையில தறி ஓட்டுனாரு.

சிற்பி: தறி ஒத்து வருதுங்க. பூவு எப்படி வந்துச்சு?

முதலாளி: 1473ல மூணாம் ஃபிரெடரிக் பேரரசரு மகனுக்குச் சம்பந்தம் பேசப் பொறப்பட்டாரு. கூடப் போற பரிவாரத்துக்கு நல்ல துணியில்லை. ஃபுக்கர் வூட்டுல கடனுக்கு வாங்கிக்கிட்டு, லில்லிச் சின்னம் குடுத்தாரு.

சிற்பி: துணிக்குக் காசு?

முதலாளி: அதான்... சின்னம் குடுத்தாருங்களே.

சிற்பி: ஷிப்மென்ட் போயிருச்சு, பேமென்டுக்குப் பதிலா பூ வந்துச்சு.

முதலாளி: நீங்க வேறங்க. 1519ல அஞ்சாம் சார்லஸைப் பேரரசராக்குனதே யாக்கோப் காசுதான். ஓட்டுப் போடறவங்க ஏழே பேரு. செலவு சுமாரா எட்டரை லட்சம் பொற்காசு. அஞ்சு லட்சத்துக்கு மேல இவருது.

சிற்பி: ஏழு ஓட்டுக்கா! நம்மூருக்காரங்க காதுல விழாமப் பாத்துக்குங்க. அதாச்சும் திரும்புச்சா?

முதலாளி: 1523ல கடுதாசி போட்டாரு. 'நானில்லாட்டி உங்களுக்குக் கிரீடமே இல்லை, வட்டியோட குடுங்க'ங்கற மாதிரி.

சிற்பி: அவரு ராசாவுக்கே அப்படி எழுதியிருக்காரு. நீங்க பையருக்கு 'டியர் சார், கைண்ட்லி'னு போடறீங்க.

முதலாளி: (குரல் இறங்கி) தொண்ணூறு நாள்னு பேசுனதுங்க. நூத்தியெழுவது ஆச்சு. அழுத்திக் கேட்டா அடுத்த ஆர்டர் பங்களாதேஷ் போயிரும்.

சிற்பி: இதே பூண்டியிலதான் சுந்தரரு சேரமான் குடுத்த பொன்னைப் பறிகொடுத்தாரு. பறிச்சது சிவபூதங்க. பாடுனதும் திருப்பிக் குடுத்துட்டாங்க. நீங்களும் பாடிப் பாருங்க.

முதலாளி: கிண்டலுங்களா? சரி, லில்லி வேண்டாம். ஃபுக்கரு பங்காளிக 1462லயே மான் சின்னம் வாங்குனவங்க. மானே போடுங்க.

சிற்பி: அந்த மான் என்னாச்சுங்க?

முதலாளி: ஃபிரெடரிக் மகன், அதே மாப்பிள்ளை மாக்சிமிலியனுக்குக் கடன் குடுத்தாங்க. லூவன் ஊரே ஜாமீன். ரெண்டு பேருமே கையை விரிச்சுட்டாங்க. திவாலு.

சிற்பி: மான் செதுக்கறதுல அதுதானுங்க தொந்தரவு, காலு நிக்காது.

முதலாளி: என்ன போட்டாத்தான் நிக்கும்?

சிற்பி: பழையகோட்டைப் பட்டக்காரரு பேரை இன்னிக்கும் சந்தையில சொல்றாங்க. காங்கேயம் மாட்டைக் கட்டிக் காப்பாத்துனதால. ஃபுக்கரு பேரு எதுல நிக்குது?

முதலாளி: 1521ல யாக்கோப் ஏழைகளுக்கு வூடு கட்டிக் குடுத்தாரு. இன்னிக்கும் சனம் குடியிருக்குது. வாடகை 88 சென்ட், நம்ம காசுக்கு நூறு ரூவா சுமாரு.

சிற்பி: மாசத்துக்குங்களா?

முதலாளி: வருசத்துக்கு.

சிற்பி: உங்க கம்பெனிக்குப் பின்னால ஒடிசாப் பசங்க இருக்கற லைன் வூட்டுக்கு?

முதலாளி: தலைக்கு ஆயிரத்தைநூறு. கரண்டு தனி.

சிற்பி: அது மாசத்துக்கு.

(முதலாளி நந்தியின் கழுத்து மணியைத் தடவிப் பார்க்கிறார். விரலெல்லாம் வெள்ளை.)

முதலாளி: சரிங்க, பூவே இருக்கட்டும். நாளைக்கே ஆரம்பிச்சிருங்க. ஷிப்மென்ட் பணம் வந்ததும் செட்டில் பண்ணிர்றேன்.

சிற்பி: கடனுக்குத்தானுங்களே? அப்ப எனக்கு என்ன சின்னம் குடுப்பீங்க?