தனுஷ்கோடிக்குப் படம் பிடிக்கப் போறீகளாக்கும்

தனுஷ்கோடியைப் படம் பிடிக்க ஒரு வேன் நெறையக் கெளம்பியிருக்கீகளாம், கேள்விப்பட்டேன். நல்ல காரியம். உருப்படியா நிக்கிற ஊரை எவன் படம் பிடிப்பான்? இடிஞ்சு கெடந்தாத்தான் அந்தஸ்து. எங்க பக்கம் இன்னும் இடியாத பள்ளிக்கூடம், ஆசுபத்திரியெல்லாம் இருக்கு. ஒரு அம்பது வருசம் பொறுத்து வாங்க, அதுகளும் தயாராயிரும்.

முன்னயெல்லாம் அங்க போகணும்னா ஜீப்புல ஏறி, மணல்ல குலுங்கி, இடுப்பு ஒடிஞ்சு போய்ச் சேரணும். படம் நல்லா வரலைன்னாலும் 'எம்புட்டுக் கஷ்டப்பட்டு எடுத்தேன் தெரியுமா'ன்னு சொல்லிக்கலாம். 2017ல முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் 9.5 கிலோமீட்டருக்குத் தார் ரோடு போட்டு அந்தச் சாக்கையும் கெடுத்துட்டாக. இப்ப பஸ்ஸே போகுது.

கேமராவைப் பத்தி எனக்கென்ன தெரியும் தம்பி? உப்பைப் பத்தித் தெரியும். வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. அடங்கிக் கெடக்குறதைப் பெண்கடல்னும், ஆர்ப்பாட்டம் பண்றதை ஆண்கடல்னும் சொல்லுவாக. பேரு வச்சவன் கல்யாணம் ஆகாதவனா இருக்கணும். ரெண்டு பக்கத்துக் காத்தும் உப்புதான். ஆனி, ஆடியில காத்து அடிச்சா மணலு மூஞ்சியில அறையும். அந்த நேரம் பாத்து லென்சைக் கழத்தி மாட்டுற ஆளும் ஒங்க கூட்டத்துல ஒருத்தராச்சும் இருப்பாரு. கண்ணாடியில படிஞ்ச உப்பையும் மணலையும் சட்டை முனையால அழுத்தித் தேய்ச்சா கீறல் விழுந்துரும். மொதல்ல ஊதித் தள்ளுங்க, அப்புறம் ஈரத் துணியால ஒத்தி எடுங்க.

எறங்கின ஒடனே எல்லாரும் சர்ச்சுக்குத்தான் ஓடுவீக. பவளப்பாறைக் கல்லுல கட்டின சுவரு, மேல கூரை கெடையாது. அதுக்கு முன்னால பன்னெண்டு பேரு பன்னெண்டு ட்ரைபாட் நட்டு வரிசையா நிப்பீக. கடைசியில பன்னெண்டு பேரு கையிலயும் ஒரே படம். ஒருத்தரு எடுத்து மத்தவுகளுக்கு அனுப்பியிருந்தா டீசலாச்சும் மிச்சம். கல்யாணத்துக்கு முந்தியே போட்டோ எடுக்குற சோடிகளும் அங்கதான் வந்து நிக்குதுக. இடிஞ்ச சுவத்துக்கு முன்னால நின்னு குடித்தனத்தைத் தொடங்குறதுல ஒரு தொலைநோக்கு இருக்கத்தான் செய்யுது.

சுவத்து மேல மட்டும் ஏறாதீக. 1964 புயலுக்கே தப்பிச்சு நிக்கிது, ஒங்க செல்பிக்கும் தப்பணும். பவளத் துண்டு கெடந்தா ஞாபகார்த்தமா பையில போட்டுக்காதீக. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பவளத்துக்கு எடம் குடுத்திருக்காக, எடுத்தவுகளுக்கும் தனியா எடம் வச்சிருக்காக.

'ரயிலு எங்க தாத்தா?'ன்னு கேக்குற புள்ளைகளும் உண்டு. கேளு தாயி. 1914ல பாம்பன் பாலம் தொறந்தப்புறம் மெட்ராசுல ஏறினா தனுஷ்கோடித் துறையில எறங்கலாம். போட் மெயிலுன்னு பேரு. கப்பல் மாறினா தலைமன்னாரு, அங்கேருந்து ரயில்ல கொழும்பு. ஸ்டேசன், சுங்க ஆபீசு, தபாலாபீசு, ஆசுபத்திரின்னு சந்தடியான ஊரு. 1964 டிசம்பர் 22 ராத்திரி, 653ஆம் நம்பர் பாசஞ்சர் ஸ்டேசனை நெருங்குற நேரத்துல கடல் எந்திரிச்சு வந்துச்சு. வண்டியில நூறு பேருக்கு மேல இருந்தாக, ஒருத்தரும் மிஞ்சலை. புயல்ல செத்தவுக மொத்தம் 1,800 பேருக்கு மேலங்கிறாக. அப்புறம் சர்க்காரு இது மனுசன் குடியிருக்க லாயக்கில்லாத எடம்னு சொல்லிருச்சு. அதே புயல்ல ஒடைஞ்ச பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன்ங்கிற எஞ்சினியரு 46 நாள்ல நிமித்திக் காமிச்சாரு. தனுஷ்கோடி தண்டவாளத்துக்குத்தான் இன்னும் நல்ல நாளு வரலை.

சர்க்காரு சொன்னதை மீன்பிடிக்கிற சனங்க காதுல வாங்கிக்கலை. குடிசை போட்டுக்கிட்டு அங்கேயே கெடக்குறாக. வலை இழுக்குறாக, கருவாடு காயப் போடுறாக, சங்கு சிப்பி விக்கிறாக. மணலைக் கையால தோண்டி நல்ல தண்ணி எடுக்குறாக. ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல குடிக்கிற தண்ணி! அதைவிட அதிசயம் அந்த ஊருல வேற கெடையாது. ஆனா அதுல இடிபாடு இல்லையே, நீங்க எதுக்கு எடுக்கப் போறீக?

நீங்க என்ன பண்ணுவீகன்னா, 'பாட்டி, சித்த தள்ளி நில்லுங்க, ஆளே இல்லாத மாதிரி வரணும்'பீக. அவளும் தள்ளி நிப்பா, நாளைக்குக் கடைப்பக்கம் வருவீகளேன்னு. தள்ளாத ஆளை போனுலயே அழிக்கிற வித்தையும் வந்துருச்சாமே. கடலுக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்ட வேலையை ஒங்க விரலு ஒரு நொடியில முடிச்சிருது. கெட்டிக்காரப் புள்ளைக!

இன்னொரு ரகம் இருக்கு, ஆளைத் தேடிப் பிடிக்கிற ரகம். குடிசை வாசல்ல ஒக்காந்திருக்குற கெழவியை 'சிரிக்காதீங்கம்மா'ன்னு சொல்லி எடுத்து, கறுப்பு வெள்ளையா மாத்தி, 'தனிமை'ன்னு தலைப்பு வப்பீக. அவளுக்கு நாலு புள்ளை, எட்டுப் பேரன் பேத்தி இருக்கும். வீட்டுக்குள்ள சத்தம் தாங்காமத்தான் அந்த மனுசி வெளிய வந்து ஒக்காந்திருப்பா.

ட்ரோன் கொண்டாந்திருந்தா பெட்டியைத் தொறக்காதீக. அந்தாண்ட இலங்கை, அனுமதி இல்லாம பறக்க விட்டா, ட்ரோன் எறங்குறதுக்கு முந்தி போலீசு வந்து எறங்கிரும். மார்கழி, தையில பூநாரைக வந்தா வெரட்டிப் பறக்க விட்டுப் படம் பிடிக்காதீக, 2025ல அதுகளுக்குன்னு சரணாலயம் அறிவிச்சாச்சு. ராத்திரி தங்கிப் பேயைப் பிடிக்கலாம்னு திட்டமிருந்தா அதையும் விட்டுருங்க. பொழுது சாயுறதுக்குள்ள வெளிய அனுப்பிருவாக. பேய்க்கு இருக்குற உரிமை ஒங்களுக்குக் கெடையாது.

வறுத்த மீனு விப்பாக. பேரம் பேசாம வாங்கித் தின்னுங்க. ஆளை எடுத்தா கேட்டுட்டு எடுங்க, பேரையும் எழுதிக்கங்க. அடுத்த வாட்டி வாரப்ப அந்தப் படத்தைக் காகிதத்துல போட்டுக் கொண்டாந்து அவுக கையில குடுங்க. கண்காட்சியில மாட்டுறதை அப்புறம் மாட்டிக்கலாம்.