அழகரே லேட்டு, உன் லாப்டாப்பு எம்மாத்திரம்?

ஏய்யா பேராண்டி, மடியில ஒரு பொட்டி, கையில ஒரு பொட்டி. கையில இருக்கதுல மெசேஜ் வந்து அரை மணி நேரம் ஆச்சு. நீ என்னடான்னா மடியில இருக்கதப் பாத்து, "இன்னும் வரலயே, இன்னும் வரலயே"ன்னு பொலம்பிக்கிட்டுக் கெடக்க. வந்த சேதிய ஓரமா வச்சுப்புட்டு வராத சேதிக்குக் காத்துக் கெடக்குறவன நான் இன்னைக்குத்தான்யா பாக்குறேன். படிச்ச பிள்ளை, காரணம் இல்லாமயா இருக்கும்?

அப்டேட்டு போட்டதுலருந்து இப்பிடித்தான்ங்குற. யாரு போடச் சொன்னா? ராத்திரி தூங்கப் போற நேரத்துல போனு "புதுசா ஒண்ணு வந்திருக்கு, போட்டுக்கவா"ன்னு கேட்டுச்சு. என்னா ஏதுன்னு ஒரு வரி படிச்சியா? "சரி"ன்னு அமுக்கிட்டுக் கவுந்தடிச்சுப் படுத்துட்ட. இதே ஒரு பாகப் பத்திரத்துல கைநாட்டு வைக்கச் சொன்னா ஊரக் கூட்டியிருப்ப.

சரி, ரெண்டும் ஒரே நேரத்துல ஒத்துப் போகணும்ங்குற. அதுக்குப் பேரு "சிங்க்"கு. நம்மூர்ல இந்த வேலைய எப்பவோ ஒருத்தரு செஞ்சு பாத்துட்டாரு தெரியுமா? திருமலை நாயக்கரு. 1623-லருந்து 1659 வரைக்கும் மதுரைய ஆண்டவரு. அவரு காலத்துக்கு முன்னால மீனாட்சி கல்யாணம் மாசியில நடந்துச்சாம். அழகர் சித்திரையில நம்ம தேனூர்ல ஆத்துல எறங்கிக்கிட்டு இருந்தாராம். ராசா ரெண்டையும் சேத்து வைக்கிறேன்னு கல்யாணத்தச் சித்திரைக்குத் தள்ளி, அழகர மதுரைக்குத் திருப்பி விட்டாருன்னு பெரியவுக சொல்லுவாக. தேனூருக்கு மிச்சம் என்னா? வண்டியூர்ப் பக்கம் வைகையில ஒரு மண்டபம், அதுக்குத் தேனூர் மண்டபம்னு பேரு. திருவிழா அவுகளுக்கு, பேரு நமக்கு. நான் கேக்க ஆளில்லாததால பேசாம இருக்கேன்.

அம்புட்டுப் பெரிய ராசா அப்டேட்டுப் போட்டும் ரெண்டும் ஒத்து வந்துச்சா? 2024-ல பாரு. ஏப்ரல் 21-ந்தேதி கல்யாணம் முடிஞ்சுபோச்சு. அழகர் ஆத்துல எறங்குனது 23-ந்தேதி. தங்கச்சி கல்யாணத்துக்குக் கெளம்புன அண்ணன் ரெண்டு நாள் லேட்டு. அழகர்மலையிலருந்து ஊருக்கு என்னா, 20 கிலோமீட்டர் சொச்சம். ஆனா வழியில நானூறுக்கு மேல மண்டகப்படி. ஒவ்வொரு மண்டகப்படியிலயும் நிக்கணும், தீவாராதனை வாங்கணும், நாலு பேரு மொகத்தப் பாக்கணும். தல்லாகுளத்துல எதிர்சேவை வேற. ஆத்துக்கு வந்தப்புறம்தான் கல்யாணம் முடிஞ்ச சேதி அவருக்குத் தெரிஞ்சு, ஊருக்குள்ள வராம வண்டியூருக்குத் திரும்புனாருன்னு கதை.

இப்ப ஒண்ணு யோசி. அண்ணன் வரலைன்னு மீனாட்சி கல்யாணம் நின்னுச்சா? திருப்பரங்குன்றத்துலருந்து பவளக்கனிவாய்ப் பெருமாளு வந்து, தாரை வாத்துக் குடுத்துட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. பக்கத்துல இருந்தவரு காரியத்த முடிச்சாரு. உன் கையிலயே பெருமாளு இருக்காருய்யா, நீ அழகர்மலையப் பாத்து ஒக்காந்திருக்க.

ஏன் லேட்டாகுதுன்னு கேக்குறியா? கேளு. உன் நம்பரு குடியிருக்கது சிம்முல. சிம்மு இருக்கது போனுக்குள்ள. ஒருத்தன் எஸ்எம்எஸ் அனுப்புனா அது மொதல்ல செல்போன் கம்பெனியோட மெசேஜ் சென்டருக்குப் போகும். உன் போனு எந்த டவர்ல கெடக்குன்னு பாத்து அங்கருந்து அனுப்புவாக. அணைஞ்சு கெடந்தா வச்சிருந்து பெறகு தருவாக. அதோட அவுக சோலி முடிஞ்சுபோச்சு. உன் மடிப்பொட்டிய அவுகளுக்கு யாருன்னே தெரியாது. போனுதான் அந்தச் சேதிய மறுபடி எடுத்து, பூட்டிக் கட்டி, நெட்டு வழியா வெளியூர் சர்வர் வரைக்கும் அனுப்பி, அங்கருந்து ரெண்டடி தள்ளி இருக்க உன் பொட்டிக்குக் கொண்டாரணும். நடுவுல எவன் கண்ணசந்தாலும் உனக்கு லேட்டு.

இதுல கூத்து என்னன்னா, ஒலகத்துல மொத எஸ்எம்எஸ்ஸே கம்ப்யூட்டர்லருந்துதான் போச்சு. 1992 டிசம்பர் 3-ந்தேதி, நீல் பாப்வொர்த்துன்னு 22 வயசுப் பையன் இங்கிலாந்துல ஒரு போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புனான். அனுப்புன எடம் கம்ப்யூட்டரு, போய்ச் சேந்த எடம் போனு. திருப்பி எழுதி அனுப்ப அந்தப் போன்ல வழியே கெடையாது. முப்பது வருசத்துக்கு அப்புறம் நீ சேதியத் தலைகீழா நடக்கச் சொல்லிக்கிட்டு இருக்க.

வாட்ஸ்அப்பு மட்டும் எப்பிடி வெரசா வருதுங்குற? அதுவும் 2015-ல கம்ப்யூட்டருக்கு வந்தப்ப போனோட முந்தானையப் புடிச்சுக்கிட்டுத்தான் திரிஞ்சுச்சு. போன்ல நெட்டு போனா பொட்டியிலயும் போயிரும். 2021-லருந்துதான் போனு இல்லாம நாலு எடத்துக்கு நேராப் போற மாதிரி மாத்துனாக. அதுலயும் போன 14 நாளு தொடாமப் போட்டா எல்லாத்தையும் கழட்டி விட்டுரும். எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தச் சோலி நடக்காது. சிம்மு எங்கயோ அங்கதான் அதுக்குச் சோறு.

அப்டேட்டுக்குப் பெறகு மட்டும் ஏன்னு அடுத்த கேள்வி வரும், தெரியும். 2015-லயே ஆண்ட்ராய்டு ஆறுல "டோஸு"ன்னு ஒண்ணு கொண்டாந்தாக. சார்ஜரு சொருகாம, திரையும் அணைஞ்சு, போனு அசையாமக் கெடந்தா உள்ள இருக்க ஆப்பெல்லாம் ஒறங்கப் போயிரும். பேட்டரிய மிச்சம் புடிக்கத்தான். அப்பப்ப முழிச்சு, சேந்து கெடக்கத மொத்தமா வாரி அனுப்பும். அதான் உன் பொட்டியில ஏழெட்டுச் சேதி ஒண்ணா வந்து பொத்துன்னு விழுது. மெசேஜ் ஆப்பத் தூங்க விடாதன்னு நீ எப்பவோ போனுகிட்டச் சொல்லி வச்சிருப்ப. சில போன்ல அப்டேட்டு வந்ததும் அந்த ஏற்பாடெல்லாம் மறந்து போயிரும்.

இந்தக் கெழட்டுப் பயலுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்காத. சமயநல்லூர்ல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்க பய எங்கிட்ட ஆடு வாங்குனவன். பாக்கி நிக்குது. வட்டிக்குப் பதிலா வெவரம் வாங்கிக்கிறேன்.

நீ பொலம்புறதக் கேட்டா எனக்குத் தந்தி ஞாபகம்தான் வருது. 2013 ஜூலையோட அதையும் நிறுத்திட்டாக. அந்தக் காலத்துல தந்திக்காரரு சைக்கிளு தெருவுல திரும்புனாலே பொம்பளைக ஒப்பாரிய ஆரம்பிச்சிருவாக. மூக்கச் சிந்திக்கிட்டே வாத்தியாரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, அவரு கண்ணாடியத் தொடைச்சு மாட்டி, இங்கிலீசு படிச்சுச் சொன்னா, பட்டாளத்துப் பய லீவுல வாறானாம். அழுதவுக எல்லாரும் அதே வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போவாக. சேதிக்கு முந்தி அழுகை வந்த காலம் அது. நீ சேதி வந்த பெறகு அழுகுற. முன்னேற்றந்தான்.

நெசமாவே சேதி வராமப் போன நாளும் இருக்குய்யா. விளம்பர மெசேஜு தொல்லைய ஒழிக்கிறோம்னு 2018-ல செல்போன் கம்பெனிகளக் கட்டி மேய்க்கிற டிராய் ஒரு விதி கொண்டாந்துச்சு. பேங்கு, கம்பெனி எல்லாம் அனுப்புற பேரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிஞ்சு வைக்கணும். பதிஞ்சதோட ஒத்துப் போகலன்னா மெசேஜு போகாது. 2021 மார்ச் 8-ந்தேதி அந்தச் சல்லடைய மாட்டுனாக. விளம்பரத்தோட சேந்து ஓடிபியும் சல்லடையிலயே தங்கிருச்சு. பேங்கு வேல நடக்கல, ஆதாரு நடக்கல, தடுப்பூசிப் பதிவும் சிக்கிருச்சு. அதுலயும் அந்த மாசம் 1-ந்தேதிதான் 60 தாண்டுன எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஊசியத் தொறந்து விட்டிருந்தாக. மறுநாளே டிராய், "ஏழு நாளைக்கு நிறுத்தி வைங்க"ன்னு சொல்லிருச்சு. தப்புன்னு தெரிஞ்சதும் ஒரே நாள்ல கழட்டுனாகளே, அத ஒத்துக்கிடணும். அது வராத சேதி. உன்னுது வந்துபோன சேதி. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிய வைக்காத.

கை சும்மா இருக்காது உனக்கு, ஏதாச்சும் நோண்டணும்னா இத நோண்டு. ரெண்டையும் ஒருக்கா அணைச்சுப் போடு. அதுலயே பாதிக் கெரகம் வெலகும். போன்ல செட்டிங்ஸுக்குள்ள போயி, மெசேஜ் ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாடு போட்டிருந்தா எடுத்து விடு. டேட்டா சேவரையும் பாரு. பொட்டிக்கும் போனுக்கும் இருக்க தொடுப்பக் கழட்டி, அந்தக் கட்டம் கட்டமா இருக்க கியூஆர் படத்த மறுபடி காட்டிச் சேத்து வையி. போனுக்கு மட்டும் புதுச்சட்டை போட்டுட்டுப் பொட்டிய பழைய கோவணத்தோட விட்டா அதுக்கும் கோவம் வரும், அங்கயும் அப்டேட்டு இருக்கான்னு பாரு. ஆப்பிள் போன் வச்சிருக்க உன் கூட்டாளிக்கு வேற சடங்கு: "டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங்"னு ஒண்ணு இருக்கும், அதுல அவன் கம்ப்யூட்டரு இன்னும் டிக்கு அடிச்சிருக்கான்னு பாக்கச் சொல்லு. அப்டேட்டு போட்ட புதுசுல போனு உள்ளுக்குள்ள எதையாச்சும் உருட்டிக்கிட்டுத்தான் இருக்கும், ஒரு நாளு பொறு.

அப்பிடியே என்னென்ன பொட்டி உன் போனோட தொடுப்பு வச்சிருக்குங்குற பட்டியலையும் எட்டிப் பாரு. தெரியாத பேரு இருந்தா வெட்டி விடு. உனக்கு லேட்டா வாற சேதி வேற எவனுக்காச்சும் வெரசாப் போகுதான்னும் பாத்துக்கிடணும்ல. எவனாச்சும் "இத ஸ்கேன் பண்ணுங்க, சரியாயிரும்"னு படம் அனுப்புனா, காட்டாத.

தமிழ்ல மெசேஜு எழுதுறப்பச் சுருக்கா எழுது. இங்கிலீசுக்கு ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து, நமக்கு 70-தான். அதுலயும் புள்ளி, கொம்பு, காலுக்கெல்லாம் தனிக் கணக்கு. மீனாட்சின்னு நாலெழுத்து எழுதுனா எட்டுன்னு எண்ணும். நீளமா எழுதுனா துண்டு துண்டாப் போயி, ஒரு துண்டு தாமசமானா மொத்தமும் நிக்கும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், முழுசா ரிப்பேரு பாத்துறாத. வடபழஞ்சி ஆபீசுலருந்து மேனேஜரு ராத்திரி சாப்பிடுற நேரத்துல "அர்ஜென்ட்டு"ன்னு அனுப்புறாரே, அதுக்கு "சிங்க் ஆகல சார்"ங்கிறதவிட நல்ல பதிலு இன்னும் ஒருத்தனும் கண்டுபிடிக்கல. எங்க காலத்துல பஸ்சு வரலன்னு சொல்லுவோம், அத யாரும் நம்ப மாட்டாக. இத நம்புறாக. ஆனா இதே வித்தைய உன் வீட்டுக்காரிகிட்டக் காட்டாத. நேத்து கொத்தமல்லி வாங்கியாரச் சொன்னதுக்கு "லாப்டாப்புல வரலம்மா"ன்னியே, அந்தப் புள்ள பேசாம உன் போன எடுத்துப் பாத்துச்சா இல்லையா? அதுல படிச்ச மெசேஜா நிக்குது. ரசம் கொத்தமல்லி இல்லாமத்தான் எனக்கும் வந்துச்சு. உன் பொய்க்கு நான் எதுக்குய்யா பத்தியம் இருக்கணும்?

இரு, வாசல்ல யாரோ கூப்புடுறாக. கேஸு சிலிண்டருக்காரப் பய. நம்பரு சொன்னாத்தான் எறக்குவானாம், புக் பண்ணுன போனுக்கு வந்திருக்குமாம். உன் போன்லதான புக் பண்ணுன? பாத்துச் சொல்லு. டேய், அந்தப் பொட்டிய மூடு, இங்கிட்டு வாடா! சிலிண்டரத் தோள்ல வச்சுக்கிட்டு நிக்கிறான், நீ என்னத்தத் தொறந்து பாத்துக்கிட்டு இருக்க?