கொசுவலைக் கதவும் மூத்த பூனையின் இசைவும்: ஒரு முன்னாய்வு

தமிழில் பூனை பேசப்படாமல் இல்லை. ஆனால் உற்று நோக்கினால், பேசப்பட்டதெல்லாம் ஒற்றைப் பூனை. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் வகுத்ததோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. அந்தப் பறழை, ஏற்கெனவே ஒரு பூனை குடியிருக்கும் வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு நூற்பா கிடையாது. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அங்கும் பூனை ஒன்றே. இன்னொன்று கரைக்கு வந்திருந்தால் பாற்கடல் போதாமல் போயிருக்கும், அடக்கமும் இருந்திருக்காது. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி, கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார். பக்கத்தில் எலிகள். அந்தப் பாறை காட்டுவது அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கிய கதையா என்று அறிஞர்கள் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொள்கிறார்களே தவிர, பூனைக்கு அவ்வளவு மன ஒருமை எப்படி வாய்த்தது என்று கேட்டாரில்லை. பாறையில் வேறு பூனை கிடையாது, காரணம் அவ்வளவே. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றில் மனிதரோடு பூனையும் கிடந்தது என 2004இல் அறிவித்தார்கள். அதிலும் ஆளுக்கு ஒன்றுதான். இதற்கு ‘ஒற்றைப் பூனைக் கோட்பாடு’ என்று இக்கட்டுரை பெயர் சூட்டுகிறது. முன்பே எவரேனும் இப்பெயரைச் சூட்டியிருந்தால் அவர் பொருள் புரியாமல் சூட்டினார் என்க.

மயிலாப்பூரில் இதைச் சொன்னவுடன் எழக்கூடிய மறுப்பு, ‘மார்ஜார நியாயம் இருக்கிறதே?’ என்பது. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோல இறைவன் அடியானைக் காப்பான், குட்டி சும்மா கிடந்தால் போதும் என்பது தென்கலை மரபு. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல அடியான் தன் பங்குக்கு இறுகப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். இரண்டும் ஆழமானவை, இரண்டுக்கும் பெரியோர் பலர் உரை செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டிலும் தாய் இருக்கிறாள். மாட வீதியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த இரண்டு குட்டிகளைத் தூக்கிவருபவர் தாயும் அல்லர், பூனையும் அல்லர். வீட்டில் சோபாவுக்கு உரிமை கொண்டாடுவதோ ஏழு வயதுக் கடுவன். அதன் முன்னால் குட்டி சும்மா கிடந்தாலும் அறை விழும், பற்றிக்கொண்டாலும் அறை விழும். ஆகவே மூன்றாவது நியாயம் ஒன்று தேவையாகிறது. அதைக் ‘கபாட நியாயம்’ என்போம்: காப்பது தாயின் வாயும் அன்று, குட்டியின் கையும் அன்று, இடையில் உள்ள கதவே. இடைச்சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் கபாடபுரத்தின் பெயரிலேயே கதவு இருப்பதால், அங்கே பூனைகள் சமரசமாக வாழ்ந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

கதவு ஏன் என்பதை இனி நிறுவுவோம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியே வேட்டையாடும் பிறவி. அது தன் நிலத்தைக் கண்ணைவிட மூக்கால் அறிகிறது. பீரோ முனையிலும் நாற்காலிக் காலிலும் நம் கணுக்காலிலும் கன்னத்தைத் தேய்ப்பதை நாம் பாசம் என்று படிக்கிறோம். கன்னத்துச் சுரப்பிகளின் மணத்தால் அது போடுவது பட்டா. வாயைச் சற்றே திறந்து முகம் சுளித்து நிற்கும்போது மேலண்ணத்து ஜேக்கப்சன் உறுப்பால் ஆவணத்தைச் சரிபார்க்கிறது. இந்நிலையில் வேற்று மணத்தோடு உள்ளே வரும் உயிர் எவ்வளவு சிறிதாக, எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு அது குட்டி அன்று, ஆக்கிரமிப்பு. எனவே குட்டிகளை முதலில் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்துக. (கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் இந்த நாட்களில், இதில் நகைச்சுவை இல்லை.) ஓர் ஈரிழைத் துண்டால் குட்டியின் கன்னத்தைத் துடைத்து மூத்ததின் படுக்கையருகே இடுக, மற்றொரு துண்டால் மூத்ததின் கன்னத்தைத் துடைத்துக் குட்டிகளிடம் இடுக. மூத்தது துண்டைப் பார்த்துச் சீறும். சீறட்டும், துண்டுக்கு வலிக்காது. சீற்றம் தணிந்தபின், சாத்திய கதவின் இருபுறமும் ஒரே வேளையில் சாப்பாடு வைக்க வேண்டும். நொச்சிக்குப்பத்து நெத்திலி இவ்வாய்வுக்கு உகந்தது. தயிர்சாத வீட்டார் மன்னிக்க. பூனைக்கு வேண்டிய டாரின் இறைச்சியிலும் மீனிலும் உள்ள சத்து, தயிரும் சோறும் அதை ஈடுகட்டா. அடுத்த அறையின் வாடை வரும்போதெல்லாம் நல்ல மீனும் வருகிறது என்று பூனை கணக்குப் போட்டுக்கொள்ள ஒரு வாரமோ இரண்டோ ஆகும். சிலவற்றுக்கு மேலும் ஆகும்.

இனிக் கண்ணால் காணும் கட்டம். இங்கேதான் சென்னையின் மேன்மை விளங்குகிறது. மேல்நாட்டார் இதற்கென்று தடுப்புக் கேட் விலைக்கு வாங்குகிறார்கள். நம்மிடம் கொசுவலைக் கதவு உண்டு. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பிறகு, பக்கிங்காம் கால்வாயும் கூவமும் துணைநிற்க, தியாகராய நகரிலிருந்து அடையாறு வரை கதவுதோறும் வலை ஏறியது. கொசுவைத் தடுக்கவே வலை என்பது பாமரர் கருத்து. அது பொருந்தாது: வலை இருந்தும் கொசு உள்ளே வருகிறது. பூனையோ வருவதில்லை. ஒரு கருவி எதைச் செய்துமுடிக்கிறதோ அதுவே அதன் நோக்கம் என்று கொள்வது தருக்க மரபாதலால், கொசுவலைக் கதவு பூனைகளின் அறிமுகத்துக்காகவே இந்நகரில் உருவானது என்பது பெறப்படும். வலையின் தன்மையில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். நைலான் வலை போதும் என்பார் தரைத்தளச் சிற்றுரைகாரர். நகம் பட்டால் நைலான் நாராகும், எவர்சில்வர் வலையே வலை என்று முதல்மாடி உரைகாரர் மறுப்பார்; அவர் சொல்வதே பொருத்தம். மொட்டைமாடிப் பேருரையோ இருவரையும் தள்ளி, முதல் சில நாட்கள் வலையின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்து, திரையைச் சிறிது சிறிதாகத் தூக்க வேண்டும் என்று கூறியிருத்தல் வேண்டும். ‘வேண்டும்’ என்பது ஏனெனில், அப்பேருரை முழுவதும் செல்லரித்துவிட்டது. பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலோ அடையாறு நூலகத்திலோ அதன் பிரதி கிடைத்திலது, தேடவும் இல்லை. தேடாமலே ‘கிடைத்திலது’ என்று எழுதுவது நம் ஆய்வுலகில் வேரூன்றிய முறை. எஞ்சிய ஒற்றை ஏட்டையும் எலியட்ஸ் கடற்கரையில் கடல் கொண்டது என்பர். இதனால் ஆராய்ச்சிக்கு நட்டம் ஏதுமில்லை. இருக்கும் நூலை யாராவது படித்துத் தொலைப்பார்கள். அழிந்த நூல் கடைசிவரை நம் கட்சி.

வீட்டை ஐந்திணையாகப் பகுத்துப் பீரோவின் மேற்பரப்பைக் குறிஞ்சி என நிறுவும் பணி, முனைவர் பட்டத்துக்கு எவரேனும் செய்துகொண்டிருக்கக்கூடும் என்பதால் ஈண்டு விடப்படுகிறது.

‘பாட்டி காலத்தில் கதவா சாத்தினார்கள், பூனைகள் பாட்டுக்கு வரவில்லையா, போகவில்லையா?’ என்பார் உளர். வந்தன, போயின. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று தெருவிலிருந்து பின்சந்துவரை நீண்ட வீட்டில் ஒன்று திண்ணையை ஆண்டது, மற்றொன்று கொல்லையை ஆண்டது. நடுவில் ஐந்தாறு கதவுகள். அதாவது கபாட நியாயம் அங்கே சொல்லாமலே நடந்தது. போன பூனை எங்கே போனது என்று பாட்டி கேட்டதில்லை என்பதையும் கருதுக. இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் போக இடமில்லை. இனி, ‘முதல் நாளே விட்டுவிட்டால் அடித்துக்கொண்டு ஓய்ந்துவிடும்’ என்னும் கட்சி. நாய்கள் சண்டைக்குப் பின் குழைந்து சமாதானம் ஆகும். பூனைகளிடம் அந்த வழக்கம் அரிது. முதல் சந்திப்பின் கசப்பு மாதக்கணக்கில் நிற்கும். ஐயுறுவோர் ஏதேனும் ஒரு கருத்தரங்குக்குச் சென்று, புதிய ஆய்வாளர் முதன்முறை வாசிக்கும்போது முன்வரிசை மூத்த அறிஞர்களைப் பார்க்கலாம். முதலில் முகர்வார்கள். பிறகு காது பின்னே மடியும். அடிக்குறிப்பில் தம் மணம் சற்றே வீசினால் கண்ணை மெல்ல மூடித் திறப்பார்கள். வீசாவிட்டால் கேள்விநேரத்தில் நகம் வெளியே வரும். பட்டறிவுள்ள நெறியாளர் தம் மாணவரை மேடையேற்றுமுன் துண்டால் நன்றாகத் துடைத்தே அனுப்புகிறார்.

வலையைத் தாண்டிச் சீற்றமின்றிச் சாப்பிடும் நாள் வந்தபின் கதவைத் திறக்கலாம். முதலில் சிறு பொழுது, ஆள் உடனிருக்க. குட்டி இரண்டாக இருப்பது இங்கே நன்மை: அவை ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டிருக்க, மூத்ததின் வால் பிழைக்கிறது. மூத்ததுக்கு முதலில் சாப்பாடு, ஏறிக்கொள்ள லாஃப்ட், குட்டி எட்டாத ஒரு மூலை. லிட்டர் பாக்ஸ் பூனைக்கு ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்பது துறையினர் விதி. மூன்று பூனைக்கு நான்கு. இரண்டு குளியலறைக்கு ஒன்றாக இரண்டு, பால்கனியில் ஒன்று. நான்காவதைப் பூஜையறைக்கு அருகே வைக்கலாம் என்று முதல்மாடி உரைகாரர் எழுதினார். அதற்குப்பின் அவர் உரை எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை.